முதல் மெஷின்

திரையில் ஒரு பச்சைப் புள்ளி. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குப் பக்கத்தில் மேடத்தின் பெயர், அவருடைய லேப்டாப்பின் எண், அது கடைசியாகத் தொடர்பு கொண்ட நேரம்: இன்று காலை எட்டு பத்து. மேடம் இறந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் கழுத்து வியர்த்துவிட்டது. சுற்றிலும் யாரும் இல்லை. எதிர் மேஜையில் அவருடைய நாற்காலி மட்டும் இருந்தது. அதை அந்த நிமிடம் பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் பார்த்தேன்.

எங்கள் வேலை இன்னதென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைசூரில் தலைமை அலுவலகமும், ஸ்ரீரங்கப்பட்டணம் போகிற வழியில் இரண்டு தையல் கூடங்களும் கொண்ட ஓர் ஆடை நிறுவனம். நானூற்றுக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். அவை எல்லாவற்றையும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே மென்பொருளின் வழியாக நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டோம். யார் மெஷினில் எந்தப் புரோகிராம் இருக்க வேண்டும், எது எப்போது அப்டேட் ஆக வேண்டும், எது ரீஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதெல்லாம் எங்கள் கையில். மெஷின் தொலைந்துபோனால் அதை இருக்குமிடத்திலேயே வெறுமையாக அழிக்கவும் எங்களால் முடியும். எங்களை யாரும் பார்ப்பதில்லை, நாங்கள் எல்லாரையும் பார்க்கிறோம். இந்த வேலையில் ஒரு சின்னப் பேய்த்தனம் உண்டு என்று மேடமே சொல்லிச் சிரிப்பார்.

பதவியில் நாங்கள் இருவரும் சமம்தான். ஆனாலும் மேலாளர் முதல் வாசலில் நிற்கும் காவலாளி வரை எல்லாருக்கும் அவர் மேடம். எனக்கும்தான். அக்ரஹாரத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் தமிழில் பாதி கன்னடம். நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்க்காரன். "ஏனுங்க மேடம்" என்று நான் ஆரம்பித்தாலே போதும், "உங்க ஊர்ல இந்த 'ங்க'வை ஓசியில குடுக்கறாங்களா, மூட்டை கட்டிண்டு வந்திருக்கீங்க?" என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்கு அது தெரியும், அதனாலேயே கேட்பார்.

நாங்கள் சண்டை போட்டதெல்லாம் ஒரே விஷயத்துக்காக. எந்த அப்டேட் வந்தாலும் அது முதலில் அவருடைய மெஷினுக்குப் போக வேண்டும். ஒரு நாள் முழுக்க அது அங்கே ஓடி, அந்த மெஷின் 'சரி' என்று பதில் தந்த பிறகுதான் மற்ற நானூற்றுக்கும் போகும். இதை வாய் வார்த்தையாக விடாமல், மென்பொருளிலேயே விதியாக எழுதி வைத்திருந்தார். முதல் குழு என்று ஒன்று. அந்தக் குழுவில் ஒரே ஒரு மெஷின். எனக்கு அது நேர விரயமாகப் பட்டது. ஒருமுறை அவர் லீவில் இருந்தபோது விதியைத் தாண்டி எல்லாருக்கும் ஒரேயடியாக அனுப்பினேன். இரண்டு கூடங்களிலும் லேபிள் அச்சடிக்கும் பிரிண்டர்கள் அரை நாள் படுத்துவிட்டன. மறுநாள் வந்தவர் திட்டவில்லை. "ஆயித்தா?" என்று மட்டும் கேட்டார், ஆயிற்றா என்று. பிறகு, "கெட்டா என் மெஷின் கெடட்டும் கணப்பா. முதல்ல எனக்குப் போடு, அப்புறம் ஊருக்குப் போடு" என்றார். அது எனக்கு இன்னும் கோபத்தை மூட்டியது.

இன்னொன்றும் செய்தார். தையல் கூடத்து சூப்பர்வைசர்கள் திரையில் வரும் எழுத்தைப் படிப்பதே இல்லை. 'இன்னும் பத்து நிமிடத்தில் ரீஸ்டார்ட்' என்று பெட்டி வந்தால் ஈயை ஓட்டுவது போல மூடிவிடுவார்கள். அப்புறம் மெஷின் அணைந்ததும் எங்களுக்குப் போன் போட்டுக் கத்துவார்கள். மேடம் ஒரு மதிய வேளையில் தன் மொபைலில் தன் குரலையே பதிவு செய்தார். "நமஸ்கார. நிம்ம கெலச சேவ் மாடிகொள்ளி. ஹத்து நிமிஷதல்லி மெஷின் ரீஸ்டார்ட் ஆகுத்தே. பயபடபேடி." வணக்கம், உங்கள் வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடத்தில் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும், பயப்படாதீர்கள். இந்தக் குரலை எல்லா மெஷின்களிலும் நிறுவி, ரீஸ்டார்ட் வரும்போதெல்லாம் பேசும்படி செய்துவிட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குப் போன் வருவது பாதியாகக் குறைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரடைப்பில் போய்விட்டார். வீட்டுக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தோம். ஒரு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு, நானூறு கம்ப்யூட்டர்களும் ஒரே நேரத்தில் அவர் குரலில் பேசின.

பேயில்லை, பிசாசில்லை. இறப்பதற்கு முன் தன் மெஷினில் ஓட்டிப் பார்த்து, மற்றவற்றுக்கு அவரே நேரம் குறித்து வைத்துவிட்டுப் போன அப்டேட் அது. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். எங்கள் தளத்தில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு மேஜையிலிருந்தும் அரை நொடி முந்தியும் பிந்தியும் அதே குரல், கூட்டமாக. "பயபடபேடி" என்ற சொல் அறையைச் சுற்றிச் சுற்றி வந்து அடங்கியது. தையல் கூடத்தில் ஓர் அம்மாள் கம்ப்யூட்டருக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டாராம். மேலாளர் கீழே இறங்கி வந்து, "அதன்ன தெகதுபிடி, இவத்தே" என்றார், இன்றைக்கே எடுத்துவிடு என்று. எனக்கும் பயம்தான், மறைப்பானேன். அன்று மாலையே அந்தக் குரல் கோப்பை எல்லா மெஷின்களிலிருந்தும் அழிக்கும்படி ஒரு கட்டளை போட்டேன். ஏழு நாள் காத்திருந்து பிறகு தானே காலாவதியாகும் கட்டளை. சர்வரில் இருந்த மூலத்தையும் நீக்கினேன். ஏழாவது நாள் பார்த்தபோது எல்லா மெஷின்களும் 'முடிந்தது' என்றிருந்தன, ஒன்றைத் தவிர. ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கும் மேலாக எந்த அப்டேட்டும் நகரவில்லை. எல்லாம் வரிசையில் நின்றன. தனி ஆளாக நாய்படாத பாடு பட்டுக்கொண்டிருந்த நான், சரி, அப்புறம் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு திங்கட்கிழமை அவை தாமாகவே நகர ஆரம்பித்தன. தலைவலி விட்டது என்று நிம்மதியானேன். எதற்காக நின்றது, எதற்காக ஓடியது என்று கேட்டுக்கொள்ளவில்லை. நான்காவது மாத முடிவில் தணிக்கைக்காக மெஷின்களின் பட்டியலை எடுத்தபோதுதான் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தேன். முதல் குழுவின் ஒரே மெஷின். அது தினமும் காலை எட்டு பத்துக்கு விழித்துக்கொண்டு, நான் அனுப்புவதையெல்லாம் முதல் ஆளாக வாங்கிக்கொண்டு, 'சரி' என்று பதில் தந்திருந்தது. அந்தச் 'சரி'யை நம்பித்தான் நிறுவனம் இரண்டரை மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

எச்.ஆர். பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். மேடம் பெயருக்கு நேரே 'லேப்டாப் ஒப்படைக்கப்பட்டது' என்று டிக் இருந்தது. திரும்பி வந்த பொருள்களை வைக்கும் பீரோவைத் திறந்தால் அவருடைய ஆபீஸ் சார்ஜர் மட்டும் இருந்தது. பேய்க்குப் பயந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் திருடன் என்று முடிவு செய்தேன். தொலைந்த மெஷினை அழித்துவிட வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. அழிக்கும் பொத்தானை அழுத்தினால், உறுதிப்படுத்த அந்த மெஷினின் பெயரை நாமே தட்டச்சு செய்யச் சொல்லும். மேடத்தின் பெயரை எழுத்து எழுத்தாக அடித்தேன். 'காத்திருக்கிறது' என்று வந்தது. அந்த மெஷின் அடுத்த முறை இணையத்தைத் தொடும்போது கட்டளை அதற்குப் போய்ச் சேரும். எங்கள் மென்பொருளில் அதைத் திரும்பப் பெற வழியில்லை. வில்லிலிருந்து போன அம்புதான்.

மறுநாள் காலை மண்டி மொஹல்லாவில் என் அறையில் காபியோடு உட்கார்ந்து, திருடன் மாட்டினானா என்று பார்த்தேன். மணி எட்டாக ஐந்து நிமிடம் இருந்தது. இன்னும் காத்திருந்தது. சும்மா இருக்காமல் அந்த மெஷினின் விவரப் பக்கத்தைக் கீழே வரை தள்ளிப் பார்த்தேன். கடைசியாகச் சேர்ந்த வைஃபையின் பெயர் 'பண்டு' என்றிருந்தது. பண்டு மேடம் வீட்டு நாய். தினமும் சாப்பாட்டு வேளையில் அதன் சேட்டைகளைச் சொல்லாமல் அவர் டப்பாவைத் திறந்ததில்லை. திருடன் வீட்டு வைஃபைக்கு மேடத்தின் நாய்ப் பெயர் இருக்காது. குரலை அழிக்கப் போட்ட பழைய கட்டளையின் பட்டியலைத் திறந்தேன். பதில் தராத அந்த ஒன்று, இதே மெஷின்தான். அந்த ஏழு நாளும் அது அணைந்து கிடந்திருக்கிறது. எனக்குத் தெரிந்து, மேடத்தின் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் அது. அதைத்தான் நேற்று மாலை அழிக்கச் சொல்லியிருந்தேன்.

அவர் வீட்டுக்காரரின் எண் என்னிடம் இல்லை. மேடத்தின் எண்தான் இருந்தது. போட்டேன். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்று வேறொரு பெண்ணின் குரல் கன்னடத்தில் சொன்னது. ஸ்கூட்டரை எடுத்தேன். மண்டியில் மூட்டை இறக்குகிற நேரம், சந்து முழுக்க ஆட்டோவும் கைவண்டியும். ஹாரன் அடித்துக்கொண்டும் ஊரில் உள்ள எல்லாத் தெய்வங்களையும் வேண்டிக்கொண்டும் போனேன். பெரிதாக எதுவும் வேண்டவில்லை. அந்த மனிதர் இன்றைக்கு ஒரு நாள் கொஞ்சம் தாமதமாக எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது முதல் குழுவில் இருப்பது என் மெஷின். எதையும் அழிப்பதற்கு முன் அது இருக்கும் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டிவிட்டு வருகிறேன். இது எந்த விதியிலும் இல்லை. மேலாளர் இதை என் கிறுக்குத்தனம் என்கிறார், நானும் மறுப்பதில்லை.

அன்று நான் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் பண்டு குரைத்தது. கதவு திறந்தே இருந்தது. மேடத்தின் வீட்டுக்காரர் குளித்து விபூதி இட்டு, ஹாலில் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் லேப்டாப். நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு சதவீதம்.

"வாங்க, வாங்க. ஆபீஸ்லேர்ந்து நீங்கதானே? உக்காருங்க. இப்பத்தான் ஆன் பண்ணேன்."

உட்கார்ந்தேன். அணைத்துப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். அழிய வேண்டியது முதல் சில நிமிடங்களிலேயே அழிந்திருக்கும். அவர் சாவகாசமாகப் பேசினார். காரியமெல்லாம் முடிந்து, ஒரு மாதம் கழித்து, உள்ளே போட்டோ ஏதாவது இருக்குமா என்று திறந்து பார்த்தாராம். பாஸ்வேர்ட் தெரியாததால் அப்படியே விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போயிருக்கிறார். அங்கே நிற்கும்போது ஹாலிலிருந்து மேடம் பேசினாராம். அந்தக் குரல் வருவதற்குப் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே நுழைய வேண்டியதில்லை. கதவு பூட்டியிருந்தாலும் அது பேசும்.

"தினோம் வரமாட்டா. மாசத்துல ரெண்டு தடவ, சில மாசம் மூணு. அதான் தினோம் காலைல ஆன் பண்ணி வெச்சுடறது. நீங்கதான் அனுப்பறேள்னு எனக்குத் தெரியும். இந்த மாதிரி யார் செய்வா? நேர்ல வந்து சொல்லணும்னே இருந்தேன்."

நான் திரையைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியது. அவர் குனிந்து, பழகிய விரலால் சத்தத்தைக் கடைசி வரை கூட்டி வைத்தார்.

"இன்னிக்கு ஏதோ பெருசா வரும்போல இருக்கு. இவ்வளவு நேரம் எடுத்துண்டதே இல்ல" என்றார். பண்டுவைப் பார்த்து, "ஷ், சும்னிரு" என்றார். நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு மேஜைக்கு அடியில் படுத்தது. மூவரும் காத்திருந்தோம். எனக்கு அழுகை வந்தது. இவர் முன்னால் அழ எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன்.

நூறு. திரை இருண்டு, மறுபடி விழித்தது. கடையிலிருந்து வந்த முதல் நாள் போல, யாருடைய பெயரும் இல்லாமல், நீள நீளமாக ஒரு பட்டியலைக் காட்டியது. அவர் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன கேக்கறது?"

"எந்த பாஷைன்னு கேக்குதுங்க சார்."

"தமிழ்னு போடுங்க" என்றார் உடனே. முகம் மலர்ந்துவிட்டது. "இத்தனை நாளும் கன்னடத்துலயே பேசிண்டிருந்தா. எங்கிட்ட அவ கன்னடம் பேசினதே கிடையாது."

நான் தமிழைத் தேடி அழுத்தினேன்.