லயத்து வெடிப்பு

வட்டகொடை ஸ்டேஷன் வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் தனுஜாவுக்குச் சில்லறை என்றால் ஒரு கிறுக்கு. கடை லாச்சியில் விழும் ஒவ்வொரு காசையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். காசு அடிக்கும் அச்சு வெடித்தால், வெடிப்புக்குள் உலோகம் ஏறி, காசின் முகத்தில் மெல்லிய கோடாக எழும்பி நிற்கும். வெளியே வந்தபின் விழுந்த கீறலோ பள்ளமாக இருக்கும். பத்தாம் வகுப்போடு நின்றவள் இதை யாரிடமும் கேட்டுப் படிக்கவில்லை.

போன வருஷம் பித்தளை நிற ஐந்து ரூபாய் ஒன்றில், விளிம்பிலிருந்து ஐந்தின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு அப்படி ஒரு கோடு ஓடக் கண்டாள். ஹட்டனில் காசு சேர்ப்பவர்கள் மாதம் ஒரு ஞாயிறு, புடவைக்கடை இப்றாஹிமின் மாடியில் கூடுவார்கள். புதுப் பிழையை முதலில் காட்டுகிறவர் வைப்பதுதான் பெயர். இப்றாஹிம் அதைக் கொப்பியில் எழுதுவார். அந்தப் பெயருக்காகவே தனுஜா ரயிலேறிப் போனாள்.

மறித்தவர் ஜீவராஜ். தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போயும் வாய்க்கொழுப்பு போகவில்லை. காசைத் தொடாமலே, "ரயில் ரோட்டுல வச்சி நசுக்குனது. லயத்துப் புள்ளைங்க வெளையாட்டு," என்றார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள்தான் தனுஜா என்று தெரிந்தே எல்லோரும் சிரித்தார்கள்.

"நசுங்குனா எழுத்தெல்லாம் தட்டையாகும்ங்க. இதுல கோடு எழும்பி நிக்குது."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

தனுஜாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பத்து மாதம் சலித்துத் தேடி, அதே இடத்தில் அதே கோடுள்ள இன்னும் மூன்று காசுகளைப் பிடித்தாள். தண்டவாளம் நாலு காசை ஒரே மாதிரி நசுக்குமா? மூன்றையும் ஜீவராஜின் வீட்டுக்கே கொண்டுபோய் மேசையில் வைத்தாள். அவர் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"வச்சிட்டுப் போ. கூட்டத்துல நானே காட்டுறேன்."

நம்பினாள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தாள்.

ஞாயிறன்று ஜீவராஜ் எழுந்து, "நான் கண்டுபிடிச்சது. ஜீவராஜ் வெடிப்புன்னு எழுதிக்கிங்க," என்று பட்டுத்துணியை விரித்தார். மூன்று காசும் பளபளத்தன. சபைக்குப் போகிறதே என்று, வெள்ளிக்கிழமை குத்துவிளக்கோடு அவற்றையும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கியிருந்தார் மகாராசன்.

இப்றாஹிம் ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "கோடு பாதி தேஞ்சிட்டு. வெளக்கின காச எழுத ஏலாது. யாரு செஞ்ச வேல இது?"

எல்லாக் கண்களும் திரும்ப, ஜீவராஜ் பட்டுத்துணியைத் தள்ளிவிட்டார். "என் காசே இல்லீங்க. கண்டுபிடிச்சது, கொண்டாந்தது எல்லாம் இந்தத் தேத்தண்ணிக்கடைக்காரிதான்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கதானே," என்ற தனுஜா, கைப்பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்தாள். "போன வருஷம் கொண்டாந்த அதே காசு, இப்றாஹிம் நானா. தண்ணிகூடப் படல."

இப்றாஹிம் கண்ணாடி வைத்துப் பார்த்தார். கொப்பியைத் திறந்தார். "பேரு?"

"லயத்து வெடிப்புன்னு எழுதுங்க."

ஜீவராஜ் மூன்று காசையும் அள்ளிக்கொண்டு படியிறங்கப் போனார்.

"அத வச்சிட்டுப் போங்க ஐயா," என்றாள் தனுஜா. "உங்களோடது இல்லன்னு இப்பத்தானே சொன்னீங்க."