வெயில் முட்டிக்கு நல்லது

போன வாரம் வண்ணார்பேட்டையில் ஒரு செல்போன் கடையில் உட்கார்ந்திருந்தேன். என் போனின் கண்ணாடி கீறிப் போய், பேரன் முகம் சிலந்தி வலைக்குள் மாட்டினது போலத் தெரிந்ததால் மாற்றக் கொடுத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு இளம்பெண் போனை முகக்கண்ணாடி மாதிரித் தூக்கிப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தாள். திரைக்குள்ளே பச்சை உடுப்பு போட்ட ஒரு பையன், அவன் முதுகுக்குப் பின்னால் பனி. பட்டாளத்தான் பொண்டாட்டி என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"பாப்பா நல்லாத்தான் தூங்குது. நீங்க இல்லாம எனக்குத்தான் தூக்கம் வரல" என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி.

கடையில் இருந்த நாலு பேரும் அவரவர் போனுக்குள் கிடந்தார்கள். எனக்கு மட்டும் காது மடல் சுட்டது. சொன்னது அவளில்லை, நான்தான் என்பது போல.

நானும் சொன்னவள்தான். வார்த்தைகூட அதேதான். ஆனால் நான் சொன்னது இந்தியில்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் நாயக். கல்யாணமான புதிதில் ஒன்றரை வருஷம் வடக்கே குவார்ட்டர்ஸில் இருந்தேன். நான் இந்தி படித்த பள்ளிக்கூடம் அங்கே இருந்த தண்ணீர்க் குழாயடிதான். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரியோடு குடத்துக்குச் சண்டை போடத்தான் முதலில் கற்றேன். கொஞ்சிப் பேசுகிற இந்தி அதற்கப்புறம் தானாக வந்தது, வீட்டுக்குள்ளே. பிறகு அவரை மலைக்கு மாற்றினார்கள். குடும்பத்தை அங்கே கூட்டிப் போக முடியாது. தகரப் பெட்டியும் நானுமாகக் கல்லிடைக்குறிச்சியில் மாமியார் வீட்டில் வந்து இறங்கினோம்.

பெட்டியில் அவருடைய பழைய ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. பூட்ஸ் பாலிஷும் ஸ்டவ் மண்ணெண்ணெயும் அவரும் கலந்த ஒரு வாசனை. பங்குனி மாசத்தில் கம்பளி ஸ்வெட்டரைக் கட்டிக்கொண்டு தூங்கின பைத்தியம் நம்ம ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கழுத்தெல்லாம் வேர்க்குரு. மாமியார் நுங்கு வாங்கித் தடவிவிட்டு, "வடக்க குளுமையில இருந்த உடம்பு, நம்ம சூடு தாங்கல" என்று பரிதாபப்பட்டாள். நான் வாயைத் திறப்பேனா?

அப்போது எங்கள் தெருவுக்கே ஒரு போன்தான், மளிகைக்கடை அண்ணாச்சியிடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடிக்கும். "மிலிட்டரி வீட்டம்மா! ஓடியா தாயி, மீட்டர் ஓடுது!" என்று தெருமுனை வரை கேட்கக் கத்துவார். மீட்டர் ஓடுவது அவருக்கில்லை, இருந்தாலும் பதறுவார். நல்ல மனிதர். நான் ஓடுவேன், பின்னாலேயே அத்தையும் வருவாள். முதலில் மகனோடு அத்தை பேசுவாள். அப்புறம் என் கையில் ரிசீவர். பெருங்காயமும் சாக்கும் மணக்கிற கடையில், துவரம்பருப்பு வாங்க வந்தவர்கள் அத்தனை பேரும் என் வாயையே பார்ப்பார்கள். புருஷனிடம் என்ன பேசுவது? "சாப்டீங்களா", "ம்", "சரி".

அவர்தான் ஒரு நாள் யோசனை சொன்னார், "இந்தில பேசேன், அங்கன எவனுக்குத் தெரியும்?" என்று.

பேசினேன். முதல் வாரம் பயந்து பயந்து, அடுத்த வாரம் கொஞ்சம் துணிந்து. மூன்றாவது வாரம் மடை திறந்துவிட்டது. நீந்த் நஹீ ஆத்தி, தூக்கமே வரவில்லை என்றேன். ஸ்வெட்டர் சங்கதியை வேர்க்குரு உட்பட ஒப்பித்தேன். இன்னும் சில சொன்னேன், அதையெல்லாம் உங்களிடம்கூட எழுத முடியாது. அத்தை பக்கத்திலேயே நின்று பூரித்துப் போவாள்.

"பாத்தியளா, எம் மருமவ எப்படி இந்தி பேசுதான்னு!"

"ரேடியோவுல நியூஸ் வாசிக்க மாதிரில்லா இருக்கு" என்பார் அண்ணாச்சி.

கடைக்குள்ளே எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். மகள் வீட்டோடு வந்து தங்கியிருந்தவர். சொந்த ஊர் பத்தமடை என்பதால் எல்லாருக்கும் பத்தமடைக்காரர். மீசை கிடையாது, நெஞ்சு நிமிர்த்தி நடக்கவும் மாட்டார். பேப்பரை விளம்பரம் விடாமல் படிப்பார். எனக்கு அவர் கடைச் சாமான்களில் ஒன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படியேறும்போதே உள்ளே ஒரு குரல். கணீரென்று இந்தி. "அந்தம்மா வரட்டும், பத்து நிமிஷம் கழிச்சு லைன் குடு" என்று அந்தப் பக்கத்து ஆளிடம் அதட்டலாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ரிசீவரைப் பிடித்திருந்தவர் பத்தமடைக்காரர்.

அண்ணாச்சிக்கு ஒரே சிரிப்பு. "எவனோ இந்திக்காரன் பேசுனான்னு முழிச்சிட்டு நின்னேன். நம்ம பத்தமடை அண்ணாச்சி இருவது வருசம் பட்டாளத்துல இருந்தவுகளாம்லா, வாயே தொறக்கல பாரேன்!"

தாமிரபரணி அப்படியே திரும்பி வந்து கடைக்குள் பாய்ந்து என்னைக் கொண்டுபோயிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அத்தனை வாரமும் அவர் ஆறடி தள்ளித்தான் இருந்தார். ஸ்வெட்டர், வேர்க்குரு, எழுத முடியாதவை, எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. உடம்பில் துணி இல்லாமல் தெருவில் நின்ற மாதிரி இருந்தது.

மறுபடி மணி அடித்தது. என் வீட்டுக்காரர்தான். என் வாயிலிருந்து "ம்", "சரி" மட்டும் வந்தது.

"என்ன, கோவமா?"

"இல்ல."

"பின்ன பேசேன்."

"என்ன பேச?"

 பிறகு சொன்னார், "அடுத்த வாரம் பேசிட்டு மேல போயிருவோம். அதுக்கப்புறம் எறங்குற வரைக்கும் போன் கெடையாது."

மேலே என்றால் எல்லைப் பனியில் எந்த இடமென்று பட்டாளத்தான் வீட்டில் யாரும் விளக்கிக் கேட்பதில்லை.  ஊமையாக நின்றே அவரை அனுப்பப் போகிறேன் என்று தெரியும். பத்தமடைக்காரர் முன்னால் நாக்கு எழும்பாது என்றும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மணி அடித்தது. நான் குனிந்த தலையோடு படியேறினேன். டின் நகர்கிற சத்தம் கேட்டது. டயர் செருப்பு இரண்டும் என்னைத் தாண்டிப் படியிறங்கின.

"ஏன் அண்ணாச்சி, இந்த வெயில்லயா நிக்கப் போறிய?" கடைக்காரர் கேட்டார்.

"வெயிலு முட்டிக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருவே. நீரு பருப்ப நிறும்."

சித்திரை வெயில் யார் முட்டிக்கு நல்லது? தெருவைத் தாண்டி, எதிர்ச் சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டி நின்றார். நான் பேசினேன். ஸ்வெட்டரை இன்னும் துவைக்கவில்லை என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் அடுத்த மாசங்களைத் தள்ளினேன்.

வீட்டுக்காரர் நல்லபடியாக இறங்கி வந்தார். அதற்கப்புறம் ஞாயிறுதோறும் மணி அடித்ததும் பத்தமடைக்காரருக்கு முட்டி வலி வந்துவிடும். அண்ணாச்சிதான் ஒருநாள் சொன்னார், "அவரு பொஞ்சாதிக்குப் படிக்கத் தெரியாதும்மா. பட்டாளத்துலருந்து இவரு எழுதுன கடுதாசிய எல்லாம் அடுத்தாளுதான் வாசிச்சுச் சொல்லியிருக்காங்க."

கேட்ட பிறகும் வெட்கம் விடவில்லை. அவர் எதிரே வந்தால் குனிந்துகொள்வேன். அதனால் அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை, செருப்புதான் இருக்கிறது. பிறகு குவார்ட்டர்ஸ் கிடைத்துப் போய்விட்டோம். பத்தமடைக்காரர் இறந்ததுகூட அடுத்த லீவில் வந்தபோதுதான் தெரிந்தது.

இன்று அந்தக் கடை இருந்த இடத்தில் ஏ.டி.எம். இந்தி மறைவுக்கு உதவாது, ஓட்டலில் தோசை கொண்டுவரும் பையனே இந்தி பேசுகிறான். நான் ஸ்வெட்டர் கட்டித் தூங்கினது யாருக்காகவோ, அவர் அடுத்த அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு "காப்பி" என்று ஒற்றை வார்த்தை பேசுகிறார். பக்கத்தில் யாருமே இல்லை. இந்தியும் தேவையில்லை.

செல்போன் கடையில் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். கண் கலங்கியிருந்தது. நான் எழுந்து வெளியே போய், ரோட்டைப் பார்த்து நின்றேன். தலை கொதித்தது.

பேசி முடித்து வந்தாள். "ஏன் ஆச்சி வெயில்ல நிக்கீங்க? உள்ள ஃபேன் ஓடுதுல்லா?"

"வெயிலு முட்டிக்கு நல்லதாம்மா" என்றேன்.

"அப்படியா? எங்கம்மாட்டயும் சொல்லுதேன்" என்று போனாள். பாவம், நம்பிவிட்டாள்.