சல்லடையின் சாக்கு

என் சகலைக்கு ஊர் வைத்த பெயர் சல்லடை. வயதில் மூத்தவன்தான், ஆனால் எனக்கு மரியாதை வாயில் வரமாட்டேன் என்கிறது.

கரையிலிருந்து இரண்டு மணி நேரம் படகில் போனால் மூன்று பாறைத் தீவுகள். மனிதரும் இல்லை, மரமும் இல்லை. பாறை இடுக்குகளில் முட்டையிடும் கடல்பறவைகள் மட்டும். ஒரு சினை எலி ஏறினால் போதும், குஞ்சு ஒன்று மிஞ்சாது. அதனால் தீவில் கால் வைக்கிற ஒவ்வொருவரின் பையையும் கதவடைத்த அறையில் கொட்டி உதறிப் பார்ப்பது சல்லடையின் வேலை. பிறகு அவனும் கூட வந்து கூடுகளை எண்ணுவான். படகு ஓட்டுவது நான்.

பத்தொன்பது வருடம் உதறினான். நாலு பேர் முன்னால் "காலைத் தூக்கு" என்று என் செருப்படியைப் பிரஷ்ஷால் தேய்ப்பான். ஒருமுறை என் கயிற்றுப் பெட்டியில் ஒரே ஒரு எலிப் புழுக்கை. ஆறு மாதம் படகைக் கட்டிப்போட வைத்துவிட்டான். "சொந்தம்னுகூடப் பாக்க மாட்டீங்களா மாமா?" என்று என் மனைவி அழுதாள். "எலி பாக்குமா?" என்றான். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

போன மாதம், எலி வந்தால் கடித்துக் காட்டட்டும் என்று தீவில் வைத்திருந்த மெழுகுக் கட்டியில் பல் தடம் இருந்தது.

"உன் படகுதான். பதிவேட்டுல எழுதிடுறேன்" என்றான். எலி கொண்டுவந்தவன் ஆயுளுக்கும் அந்தப் பாறையை மிதிக்கக் கூடாது என்பது சட்டம். எழுதினால் என் பிழைப்பில் மண்.

கரைக்கு வந்ததும் அவனை அந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"எல்லார் பையையும் உதறுனியே, உன் சாக்கை எவன் உதறுனான்?"

கூடு எண்ணும் கயிறும் கம்பும் போட்டு அவன் தோளில் தூக்கிவரும் சாக்கு. மற்ற நாளெல்லாம் அவன் வீட்டுக் கொட்டகையில் கிடக்கும். பிடுங்கிக் கொட்டினேன். அடியில் புழுக்கை, முடி, கொறித்த காகிதத்தில் ஒரு எலிக்கூடு. காகிதம் முழுக்க அவன் கையெழுத்து.

பொய் சொல்வானேன், எனக்கு மனசு குளிர்ந்தது. காலில் விழுவான் என்று காத்திருந்தேன். அறையில் நாங்கள் இருவர்தான். சாக்கைக் கொளுத்திவிட்டு என் பெயரை எழுதியிருந்தால் கேட்க நாதியில்லை. அவன் பதிவேட்டை இழுத்துத் தன் பெயரை எழுதினான்.

"நாளைக்கே பொறி வைக்கணும். நீ போ."

"நீ?"

"எனக்குத்தான் தடையாச்சே."

மறுநாள் பொறிகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடுத்தான். கண் தீவுப் பக்கமே இருந்தது. இனி அவன் அதை மிதிக்கப் போவதில்லை. எனக்கு ஏதோ ஆறுதல் சொல்லத் தோன்றி வாயைத் திறந்தேன்.

"காலைத் தூக்கு" என்றான்.

தூக்கினேன்.