லுயாண்டோ மாற்றிக்கொண்ட கட்டை

மீன் நிறுக்கும் என் கொக்கித் தராசை முடெண்டா கேட்டு வாங்கிப்போனபோது நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். கரீபா ஏரியில் ராத்திரி முழுக்க விளக்கு வைத்துக் கபெண்டா என்ற பொடிமீன் பிடிப்பவனுக்குப் பகல்தான் இரவு. கண் விழித்துப் பார்த்தால் வாசல் புளியமரத்துக் கிளையில் தராசு ஆடிக்கொண்டிருக்கிறது, கொக்கியில் மீனுக்குப் பதில் ஒரு துப்பாக்கியின் குழல். கனவென்று நினைத்து மறுபடியும் கண்ணை மூடினேன். என் மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து வெளியே போனேன்.

என் மனைவி லுயாண்டோ, எங்கள் வட்டார மன்றத்தின் காவலர்களில் ஒருத்தி. பயிருக்குள் இறங்கும் யானைகளை விரட்டுவது அவள் வேலை. மேளமும் மிளகாய்ப் புகையும் பலிக்காத யானை எப்போதாவது ஒன்று வரும். அதற்காகத்தான் துப்பாக்கி. அந்த வருடம் யாரோ ஒரு வெளிநாட்டு வேட்டைக்காரர் நன்கொடையாகக் கொடுத்த இரண்டு பெரிய துப்பாக்கிகள் மன்றத்துக்கு வந்திருந்தன. குழல் வாயில் சுண்டுவிரல் நுழையும், அவ்வளவு பெரிய தோட்டா. ஒரே கம்பெனி, ஒரே அளவு. ஒன்று லுயாண்டோவுக்கு, இன்னொன்று அவளோடு காவலுக்குப் போகும் முடெண்டாவுக்கு. யாருக்கு எது என்பதில்தான் சண்டை.

முடெண்டாவின் குலமும் எங்கள் குலமும் ஒன்றையொன்று கேலி பேசியே தீரவேண்டிய முறை. இழவு வீட்டில்கூட அவன் எங்களைத் திட்டலாம், நாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவன் அந்த உரிமையை ஒருநாளும் வீணாக்கியதில்லை.

இரண்டையும் கழற்றிப் போட்டு நிறுத்திருந்தார்கள். ஒன்றின் குழல் தடித்தது. பூட்டோடு சேர்த்து மூன்றரைக் கிலோ. தோளில் பதித்துக்கொள்ளும் அதன் கட்டை வெறும் கறுப்புப் பிளாஸ்டிக், முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மற்றதன் குழல் மெலிந்தது. அது மூன்று கிலோ. ஆனால் கட்டை நல்ல வால்நட் மரம், ஒன்றேகால் கிலோவுக்கும் கூட. முழுசாகப் பூட்டினால் இரண்டும் ஒரே எடை. தராசு முள்ளில் வித்தியாசமே தெரியவில்லை. கையில் எடுத்தாலோ, ஒன்று முன்னால் இழுத்தது, மற்றது பின்னால் சாய்ந்தது.

குழலில் எடை இருந்தால்தான் சுடும்போது வாய் எகிறாது, அடுத்த குண்டை உடனே விடலாம் என்றான் முடெண்டா. அதைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடப்பது யார் என்று கேட்டாள் லுயாண்டோ. சிபேகோவை முதுகில் கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் தண்ணீர் எடுக்கப் போனேன், கை வலித்ததே இல்லை, முன்னால் தூக்கியிருந்தால் கிணறு வரைக்கும்கூடப் போயிருக்க மாட்டேன் என்றாள். சிபேகோ எங்கள் மகள்.

“மச்சான், உன் பெண்டாட்டி துப்பாக்கியையும் முதுகுல கட்டி தாலாட்டப் போறா. யானை வந்தா எழுப்பச் சொல்லு” என்றான் முடெண்டா என்னைப் பார்த்து.

“நீ அந்தத் தூணைத் தூக்கி நிமித்துறதுக்குள்ள யானை பேரன் பேத்தி எடுத்துடும்” என்றாள் அவள்.

தடித்த குழல் அவனுக்குப் போயிற்று, வால்நட் கட்டை இவளுக்கு.

அவள் நடப்பதைப் பார்த்தால் காவலுக்குப் போகிறவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தூக்கத்தில் நடப்பவள் போலிருக்கும். மோபானி மரங்களுக்கு நடுவே வெயில் தண்ணீர் மாதிரி நெளியும்போது அவளும் அதோடு சேர்ந்து நெளிந்து போவாள். ஒருமுறை தன் கனவைச் சொன்னாள். ஏரிக்கு அடியில் துப்பாக்கியோடு நடக்கிறாளாம். தலைக்கு மேலே என் படகின் அடிப்பாகம் தெரிகிறதாம். அணை கட்டியபோது மூழ்கிய மரங்களுக்குள்ளே யானைகள் சத்தமில்லாமல் போகின்றனவாம். யாருக்கும் எடையே இல்லை, துப்பாக்கி தோளிலிருந்து தானாக மிதந்து எழுகிறது, அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன் என்றாள். சொல்லிவிட்டுக் களியைப் பிசைந்து மகளுக்கு ஊட்டினாள்.

நான்கு கோடை இப்படிப் போயிற்று. பெரும்பாலும் அவர்கள் சுடவே இல்லை.

அப்புறம் ஒரு மார்ச் மாதம், சோளம் முற்றும் பருவத்தில், தனி ஆண் யானை ஒன்று வந்தது. இரண்டு வீடுகளைத் தள்ளிவிட்டு, தானியக் களஞ்சியத்தைப் பிளந்து தின்றுவிட்டுப் போயிருந்தது. சாயங்காலம் ஆள் உயரப் புல்லுக்குள் அதன் தடத்தைப் பிடித்துப் போனார்கள். முடெண்டா முன்னால், லுயாண்டோ சற்றுத் தள்ளிப் பின்னால். யானை போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தார்கள். அது திரும்பி நின்று காத்திருந்தது.

புல் பிளந்ததும் முடெண்டா துப்பாக்கியைத் தூக்கினான். குழலின் கனம் அரை மூச்சு நேரம் தாமதமாக்கியது. லுயாண்டோ சுட்டாள். குண்டு பட்டது, ஆனால் மெலிந்த குழல் வானத்தைப் பார்த்து எகிறியது. அவள் அதைக் கீழே கொண்டுவருவதற்குள் யானை தும்பிக்கையால் முடெண்டாவை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போய்விட்டது. கொஞ்ச தூரம் ஓடி, அடி பெருத்த ஒரு பெருக்கமரத்தில் மோதி விழுந்தது. முடெண்டாவின் இடது கை முழங்கையில் நொறுங்கியிருந்தது.

மருத்துவமனையிலிருந்து அவன் திரும்பியபோது மழைக்காலம் முடிந்திருந்தது. கை ஒட்டிக்கொண்டது. மடக்கலாம், தட்டுப் பிடிக்கலாம். நீட்டி எதையும் தாங்க முடியாது. அவனைச் சாலைத் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி இறக்கும் வேலைக்கு மாற்றப்போவதாக மன்றத்தில் பேச்சு இருந்தது. அவனும் சரி என்று சொல்லியிருந்தான்.

எங்கள் வீட்டுக்கு வந்தான். களியும் வறுத்த மீனும் சாப்பிட்டான். மீன் நன்றாக இருக்கிறது என்றான். லுயாண்டோ கையைப் பற்றிக் கேட்டாள், பரவாயில்லை என்றான். போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போனான். அவன் எங்கள் வீட்டில் ஒரு கேலிகூடப் பேசாமல் சாப்பிட்டது அதுதான் முதல் முறை. அவன் போன பிறகு லுயாண்டோ தட்டுகளைக் கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவனை வரச்சொல்லி இரண்டு துப்பாக்கிகளையும் தூக்கிச் சுட்டுப் பார்க்கச் சொன்னாள். அவனுடையதைத் தூக்கியதும் இடது கை தாங்காமல் குழல் தரையைப் பார்த்தது. இவளுடையது கையில் நின்றது. ஆனால் சுட்டதும் எகிறிய குழலை அந்தக் கையால் அமுக்கிப் பிடிக்க முடியவில்லை. கட்டை கிட்டத்தட்ட அவன் கன்னத்தைப் பெயர்த்துவிட்டது. துப்பாக்கியை வைத்துவிட்டுப் போனான்.

சில நாட்கள் போயின. ஒரு மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பினாள்.

“சிபேகோ அப்பா, அவன் குழலை என் கட்டையில வச்சா?”

எனக்குப் புரியவில்லை. தராசை எடுத்து வந்து கிளையில் மாட்டினாள். தடித்த குழல், மரக்கட்டை. இரண்டும் சேர்ந்து ஐந்து கிலோவை நெருங்கியது. கூடுதல் கனமாச்சே என்றேன். குழலையும் கட்டையையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி, ஒரு விரலின் மேல் குறுக்கே வைத்துக் காட்டினாள். அது சமமாக நின்ற இடம் முன்னைவிட வலது கைக்குப் பக்கத்தில் வந்திருந்தது. கனத்தைப் பின்கட்டையே தாங்கிக்கொள்ளும், வலது கையும் தோளும் போதும், இடது கை சும்மா தொட்டுக்கொண்டிருக்கலாம், குழலும் எகிறாது என்றாள்.

அப்படியானால் அவளுக்கு மிஞ்சுவது மெலிந்த குழலும் பிளாஸ்டிக் கட்டையும். அதை அவள் நிறுக்கவில்லை. நான்தான் மாட்டிப் பார்த்தேன். நாலு கிலோகூட இல்லை. அவ்வளவு பெரிய தோட்டாவின் உதை முழுவதும் அந்த எடையில்லாத துப்பாக்கி வழியாக அவள் தோளுக்குத்தான் வரும். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தராசைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

மன்ற அதிகாரி, நேராகச் சுட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். தடித்த குழல் மரக்கட்டையின் பள்ளத்தில் உட்காரவில்லை. பள்ளத்தை அகலப்படுத்த வேண்டியிருந்தது. குழலில் விளக்குக் கரியைத் தடவி மரத்தில் வைத்து எடுப்பாள். கரி ஒட்டிய இடத்தை மட்டும் அரத்தால் ராவுவாள், உப்புத்தாள் போடுவாள். மறுபடியும் கரி. அந்த நாட்களின் பகல் தூக்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மரத்தை ராவும் சத்தம் என் கனவுக்குள் வந்து படகைக் கரையில் இழுக்கும் சத்தமாக மாறும். யாரோ நெடுநேரமாக, அவசரமே இல்லாமல், என்னைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து பார்த்தால் அவள் மடியெல்லாம் பழுப்புத் தூள், கன்னத்தில் கரி. மகள் பக்கத்தில் உட்கார்ந்து தூளைக் குவித்து வீடு கட்டிக்கொண்டிருப்பாள்.

ஒரு காலையில் ஊருக்கு வெளியே பெரிய புற்றைக் குறியாக வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். நானும் போயிருந்தேன். முடெண்டா தயங்கித் தயங்கித் தூக்கினான். குழல் நின்றது. சுட்டான். லேசாக எழும்பி, தானாகவே இறங்கியது. இன்னொன்று சுட்டான். புற்றில் இரண்டு ஓட்டையும் ஒரு கையால் மூடும் தூரத்தில் இருந்தன. அவன் திரும்பவே இல்லை, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தக் கட்டையைத் தடவிக்கொண்டிருந்தான்.

பிறகு லுயாண்டோ தன்னுடையதால் சுட்டாள். அந்த உதையில் இரண்டு அடி பின்னால் போனாள். முகத்தில் எதையும் காட்டவில்லை. மறுபடியும் சுட்டாள்.

முடெண்டா அப்போதுதான் வாயைத் திறந்தான். “மச்சான், இவ உன் வீட்டுக்கு வந்ததுலேர்ந்து ஒரு வேலையும் உருப்படியா செஞ்சதில்லன்னு நெனச்சேன். இந்தக் கட்டையும் கோணலாத்தான் இருக்கு.”

லுயாண்டோ வலியை மறந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெடிமருந்துப் புகை என்று சொன்னான்.

அன்று வீட்டில் அவள் தோள் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தேன். இனிமேல் ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா என்று கேட்டேன்.

“வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ தடவை சுடுவேன்” என்றாள். “அவன் தினமும் தூக்கணும்.”

அவள் சொன்னபடிதான் ஆயிற்று. அதற்கப்புறம் ஏழு வருடம் இருவரும் சேர்ந்து காவலுக்குப் போனார்கள். அந்த ஏழு வருடத்தில் அவள் எத்தனை முறை சுட்டாள் என்று எனக்குத் தெரியும், ஒவ்வொரு முறையும் துணி நனைத்தவன் நான். முடெண்டா ஒருபோதும் தனக்கு முன்னால் நடக்க அவளை விடவில்லை. போன வருடம் அவளை, யானையைத் தடுக்க மிளகாய் வேலி போடும் பெண்களுக்குத் தலைவியாக்கினார்கள். துப்பாக்கியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, எந்த வருத்தமும் இல்லாமல் வீட்டுக்கு வந்தாள்.

இந்தக் கோடையில் யானைகள் ஏரிக்கரை வரைக்கும் வந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போகின்றன. விடியற்காலையில் நான் மீனோடு கரைக்கு வரும்போது அவள் தண்ணீரோரமாய் நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கூப்பிட்டால் உடனே காதில் விழாது. மீன் கூடையின் ஒரு பக்கத்தை அவள் பிடித்துக்கொள்ள, இருவரும் மேடேறுவோம்.