ஐம்பது வயதுத் தெரு

அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்தது அவளுடைய நாத்தனார். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே, இந்த வீட்டுக் கதவு ஏன் உள்பக்கம் திறக்காமல் வெளிப்பக்கம் திறக்கிறது என்று மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டாளாம். மூன்று பேரும் மூன்று பதில் சொன்னார்கள். அவள் நான்காவது ஆளைத் தேடிப் போனாள். அன்றிலிருந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் துருவிதான்.

முதலில் ஒரு சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைத்தாள். கண்காணிப்பாளரைக் கேள்வி கேட்டே அந்த வேலையைத் தொலைத்தாள். பிறகு வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தாள். வீட்டில் எத்தனை பேர், யார் எதுவரை படித்தார்கள், யார் என்ன வேலை செய்கிறார்கள், யாருக்கு என்ன நோய் என்று கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். அதை வைத்து, எப்படிப்பட்ட வீடுகளுக்குப் படிப்பும் மருத்துவமும் எட்டாமல் போகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் பார்ப்பார்கள். கேள்வி கேட்பதற்குச் சம்பளமா என்று அவளுக்கு ஆச்சரியம். பதினோரு வருடம் ஆகியும் அந்த ஆச்சரியம் தீரவில்லை. மின்விசிறி பழுது பார்க்கும் அவள் கணவர்தான், மாலையில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னிக்கு ரெண்டு தடவை தும்மினேன், அதையும் எழுதிக்கோ" என்பார்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. பதினைந்து வயது முதல் நாற்பத்தொன்பது வயது வரை உள்ள பெண்களிடம் நீளமான கேள்வித்தாளைக் கேட்க வேண்டும். ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஐம்பது ஆகிவிட்டால் ஐந்தே நிமிடம், எல்லாரிடமும் கேட்கிற பெயர், வயது மாதிரி நாலைந்து கேள்வி போதும். அதனால் சோம்பேறிகள் செய்கிற திருட்டுத்தனமும் ஒன்று உண்டு. நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயதுப் பெண்களுக்கு ஐம்பது என்று போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுவார்கள்.

இதைப் பிடிப்பதற்கென்றே அலுவலகத்தில் ஒருவர் இருந்தார். வந்து சேரும் எண்களைச் சலித்துக்கொண்டே இருப்பதால் அவருக்குச் சல்லடை என்று பெயர். துருவியைவிடப் பத்து வயது இளையவர். துருவியும் சல்லடையும் சேர்ந்தால் ஒரு சமையலறையே வைத்துவிடலாம் என்று அவள் கணவர் கிண்டல் செய்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சல்லடை அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அவள் போன மாதம் எடுத்த ஒரு தெரு. இருபத்தெட்டு வீடு. முப்பதிலிருந்து நாற்பத்தொன்பது வரை மொத்தமே ஆறு பெண்கள். ஆனால் ஐம்பது, ஐம்பத்தொன்று வயதில் மட்டும் பதினான்கு பேர்.

அந்தத் தெருவில் நிறையப் பெண்கள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள், ஆறு மாதத்துக்கு மேல் வீட்டில் இல்லாதவரைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பதுதானே விதி என்று அவள் சொன்னாள்.

"போனவங்க போகட்டும் அக்கா. ஐம்பது வயசுல இந்தப் பதினாலு பேர் எங்கிருந்து வந்தாங்க? பக்கத்துத் தெருவுல மூணே பேர்தான்."

வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் அந்தத் தெருவையே கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள், அவளுக்கும் வேலை போய்விடும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

இன்னொரு பயமும் இருந்தது. அந்தப் பதினான்கில் ஒன்று அவளே செய்தது. இருபத்துமூன்றாம் எண் வீடு, அன்றைக்குக் கடைசி வீடு. அந்த வீட்டு அம்மாள் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினாள். நாற்பத்தொன்பது வயது நான்கு மாதம். அப்படியானால் ஒரு மணி நேரம் ஆகும் என்றாள் துருவி. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "ஐம்பதுன்னே போட்டுக்கோ தங்கச்சி, சீக்கிரம் முடியட்டும்" என்றாள். துருவிக்குக் கால் விண்விண் என்று வலித்தது. போட்டுவிட்டாள்.

ஆனால் செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலிருந்து பேருந்தில் திரும்பும்போது அவள் மனதைக் குடைந்தது வேறு. மற்ற பதின்மூன்றும் பொய்யில்லை. அப்படியானால் சல்லடை கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. எங்கிருந்து வந்தார்கள்?

வியாழக்கிழமை காலையில் அந்தத் தெருவுக்கே போனாள். ஒன்பதாம் எண் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், ஏன் இங்கே எல்லாருக்கும் ஐம்பது வயதாகவே இருக்கிறது என்று நேராகவே கேட்டாள். அந்தப் பெண் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாள்.

"ஐம்பது ஆனா திருப்பி அனுப்பிடுவாங்க தங்கச்சி. அங்க வயசானவங்களைத் தூக்கிப் படுக்க வைக்கிற வேலை. ஐம்பதுக்கு மேல ஒப்பந்தம் கிடையாது. நான் வந்தேன், என் மருமக போனா."

துருவி அங்கேயே படியில் உட்கார்ந்து, கணக்கெழுதும் டேப்லெட்டைத் திறந்தாள். எத்தனை வருடமாகத் தொடர்ந்து இந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்று எல்லாரிடமும் கேட்டிருந்தாள். பலர் அவசரத்தில் தாண்டிப் போகிற கேள்வி அது. வரிசையாகப் பார்த்தாள். ஒரு வருடம், பத்து மாதம், ஒரு வருடம். குழந்தைகளுக்கான கட்டத்தில், தாய் உயிரோடு இருக்கிறாரா, ஆம். இந்த வீட்டில் இருக்கிறாரா, இல்லை. வீட்டுக்கு வீடு அப்படியே. போனவர்களை எழுத இடமில்லாத பட்டியலில் அவர்கள் விட்டுப்போன அடையாளம் இருந்தது. அவளுக்குப் பயமே மறந்துவிட்டது. விரல் விட்டு எண்ணிக்கொண்டே தெருவில் நடந்தாள். எதிரே வந்த சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார்.

பதின்மூன்று பேரும் ஐம்பது முடிந்த பிறகே வந்தவர்கள். பதினான்காவது பெயரில் அவள் விரல் நின்றது. இருபத்துமூன்றாம் எண் வீட்டுக்காரி மட்டும் நாற்பத்தொன்பதுக்கு முன்பே வந்திருக்கிறாள். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்போது ஏன் வந்தாள்? ஐம்பது என்று போட்டதால் துருவி அந்தக் கேள்வியையே மூடிவிட்டிருந்தாள். இனி யாரும் கேட்கப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை சல்லடை அவள் சொன்ன கட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிறகு, "பதிமூணு சரியா வருது அக்கா. பதினாலாவது?" என்றார்.

அதுவும் அப்படித்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தெருவும் தப்பிக்கும், வேலையும் தப்பிக்கும்.

"அது நான் பண்ண தப்பு சார். பாஸ்போர்ட்ல நாப்பத்தொன்பதுன்னு பார்த்துட்டே ஐம்பதுன்னு போட்டேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். ஒன்றில் பொய் எழுதியவர் மற்றதில் எழுதவில்லை என்று எப்படி நம்புவது என்று கேட்டார்.

"நம்ப வேணாம் சார். பதிமூணு வீட்டுக்கும் வேற ஆளை அனுப்பிப் பாருங்க. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் என்னை அனுப்புங்க."

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார். பதின்மூன்றும் சரியாக இருந்தால்தான் அவள் வேலையில் தொடரலாம், அந்த ஒரு வீட்டுக்கும் அதற்குப் பிறகுதான் போகலாம் என்றார். மறுவாரம் வேறு ஒருத்தி போய்ப் பதின்மூன்று பாஸ்போர்ட்டையும் பார்த்து வந்தாள். ஒரு மாதம்கூடப் பிசகவில்லை. தெரு கணக்கில் நின்றது.

அது தெரிந்த அன்று பிற்பகலே துருவி இருபத்துமூன்றாம் எண் கதவைத் தட்டினாள். அன்றைக்கும் அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. தப்பாக ஐம்பது என்று எழுதிவிட்டேன், திரும்பவும் கேட்க வேண்டும், ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும் என்றாள். நான்தானே போடச் சொன்னேன் என்று அந்த அம்மாள் சிரித்தபடி கையை நீட்டினாள். துருவி பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்தாள். சந்தேகப்பட்டு ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி பார்த்தாள். மூன்றாவது தடவையும் நூற்று எழுபத்தெட்டுதான் காட்டியது. இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லி, எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

அந்த அம்மாள் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அங்கயும் இதே மாதிரி கட்டிப் பார்த்துட்டுதான் ஊருக்குப் போயிடுன்னு சொன்னாங்க. எவ்வளவுன்னு எங்கிட்ட யாரும் சொல்லல."

நூற்று எழுபத்தெட்டு, நூற்று எழுபத்தெட்டு என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, இன்னும் எத்தனை கேள்வி இருக்கிறது என்றாள்.

"நூத்திப் பத்து அக்கா."

அந்த அம்மாள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, துருவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கேளு."