ரோபோவுக்கு வைத்த பொட்டு

போன வெள்ளிக்கிழமை ஒரு ரோபோவைக் குருடாக்கிவிட்டேன். வேண்டுமென்றே செய்யவில்லை... எல்லாம் பக்தியால் வந்த வினை!

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் ஜாகா, அதாவது காவல்காரன். கேட்டைத் திறப்பேன், மூடுவேன், மழை வந்தால் ஜன்னல் சாத்துவேன். நான் சொல்லச் சொல்ல இதை டைப் அடிக்கும் மருமகள், "மாமா, விஷயத்துக்கு வாங்க" என்கிறாள். வருகிறேன்.

பள்ளிக்கு ஒரு ரோபோ பெட்டி வந்தது. உள்ளே சக்கரம், ஒயர், கட்டைவிரல் அளவுக்கு மோட்டார். பிள்ளைகள் தாங்களே யோசித்து எதையாவது செய்யலாமாம். தலைமையாசிரியை பத்திரமாகக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அறிவியல் வாத்தியார் கெஞ்சிக் கூத்தாடி, ஐந்தாம் ஆண்டு மோகனாவுக்கும் இரண்டு தோழிகளுக்கும் மட்டும் வாங்கிக் கொடுத்தார். அதற்கும் ஒரு நிபந்தனை. திங்கட்கிழமை பெற்றோர் முன்னால் ஒழுங்காக ஓடினால் பெட்டி வகுப்புக்கு வரும். ஏதாவது கெட்டால் திரும்பவும் அலமாரிதான்.

மோகனாவின் அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். தோட்டத்து ரோட்டில் படுத்துக் கிடக்கும் மாடுகளை அவர் திட்டாத நாள் இல்லை. அதனால் மகள், குறுக்கே மாடு வந்தால் தானே நிற்கும் கார் ஒன்று செய்தாள். பாடிக்கு சார்டின் டின்!

அந்த டின்னைப் பார்த்ததும் எனக்குச் சின்ன வயதில் இருந்த தோட்டத்து லயத்து ஞாபகம் வந்துவிட்டது. பள்ளிக்குப் போகாத பயல் நான். சார்டின் டின்னில் லோரி செய்வேன். பழைய சிலிப்பரை வட்டமாக வெட்டினால் சக்கரம். அப்போது தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுக் கண்ணாடி அலமாரியில் சாவி கொடுத்தால் ஓடும் சிவப்புக் கார் ஒன்று இருந்தது. விறகு போடப் போனபோது ஒருநாள், "ஐயா, அது ஓடுமா?" என்று கேட்டேன்.

"ஓடுனா கெட்டுப்போயிரும்டா" என்றார்.

அவர் மாற்றலாகிப் போன அன்று, அந்தக் கார் துணியில் சுற்றி லோரி ஏறியது. ஒரு அடிகூட ஓடாமலே ஊரைவிட்டுப் போனது. என் டின் லோரி? சிலிப்பர் தேய்ந்து ஓட்டை விழும்வரை ஓடியது...

சரி, ரோபோவுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை பள்ளியில் சரஸ்வதி பூஜை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் கத்தி, வாளி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்த கை இது — சும்மா இருக்குமா? பள்ளி மணிக்கு வைத்தேன், மண்வெட்டிக்கு வைத்தேன், புல் வெட்டும் மெஷினுக்கு வைத்தேன். மோகனாவின் காருக்கும் வைத்தேன். முன்னால் உருண்டையாக இரண்டு வட்டம் இருந்தது. வட்டத்துக்கு ஒன்றாக, நல்ல கெட்டிச் சந்தனம், மேலே குங்குமம். பூஜை முடிந்ததும் காரை உள்ளே வைத்து அலமாரியைப் பூட்டிவிட்டார்கள்.

திங்கட்கிழமை மண்டபம் நிறைய ஆட்கள். நடுவில் பிளாஸ்டிக் மாடு. கார் புறப்பட்டது... நிற்கவே இல்லை! மாட்டை மோதித் தள்ளி, தலைமையாசிரியையின் கால் சப்பாத்தில் போய் முட்டியது.

"மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒரே சிரிப்பு. மோகனாவின் அப்பா தலை குனிந்துகொண்டார்.

"பிள்ளைங்க கையில குடுத்தா இப்படித்தான் ஆகும்னு அப்பவே சொன்னேன்" என்றார் தலைமையாசிரியை. "சார், எடுத்து உள்ள வைங்க."

மோகனா அழவில்லை. காரைத் தூக்கி உற்றுப் பார்த்தாள்.

"டீச்சர், கார் கெடல. கண்ணுல சந்தனம் காஞ்சிருக்கு."

அந்த வட்டங்கள்தான் அதற்குக் கண்ணாம்! கதவோரம் நின்ற நான் பேசாமல் இருந்திருக்கலாம். கிராணி வீட்டுக் கார் ஞாபகம் வந்து தொலைத்தது.

"டீச்சர்... அது நான்தான்."

"ஐயோ தாத்தா! நெத்தியில வைக்கணும். யாராச்சும் கண்ணுல வைப்பாங்களா?" என்றாள் மோகனா.

"நெத்தி எங்கம்மா இருக்கு? மூஞ்சி பூரா கண்ணாத்தான இருக்கு!"

சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, மெல்லச் சுரண்டி, ஊதினாள். மறுபடியும் விட்டாள். மாட்டுக்கு ஒரு சாண் முன்னால்... நின்றது!

"என் லோரிக்கும் ஒண்ணு மாட்டிக் குடும்மா!" என்று அவள் அப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

தலைமையாசிரியை கைப்பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு வாத்தியாரிடம் நீட்டினார்.

"நீங்களே வெச்சிக்குங்க சார். தினமும் திறங்க. ஆனா பூஜைன்னா மட்டும் தாத்தாவ கிட்ட விடாதீங்கலா!"

கெட்டுப்போகும், கெட்டுப்போகும் என்று பூட்டி வைத்தே எத்தனை கார்களை ஓடவிடாமல் செய்திருக்கிறோம்?

அலமாரிப் பூட்டு இப்போது கொக்கியில் சும்மா தொங்குகிறது. அடுத்த பூஜைக்குப் பெரிய பொட்டு அதற்குத்தான் — சாவித் துவாரத்தில், நல்ல கெட்டிச் சந்தனமாக!