ஒன்பது மாதமும் ஒற்றைக் கோடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய், பிசாசு, செய்வினை என்று எதையும் நம்புகிற ஆள் இல்லை. எங்கள் தொழிற்சாலைக் கழிவறையில் யாராவது எதையோ பார்த்தேன் என்று அலறினால், மட்டம் போட வேறு காரணம் கிடைக்கவில்லையா என்று திட்டுகிற முதல் ஆள் நான்தான். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். ஸ்கேன் மெஷினே என்னை நம்பவில்லை, நீங்கள் நம்பாததால் எனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது.

என் பெயர் கலா. ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கையுறைக்குள் காற்றடைத்து, ஓட்டை இருந்தால் ஒதுக்கிப் போட வேண்டும். என் வீட்டுக்காரர் மோகன் கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்குகிற லோரி ஓட்டினார். கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. ஒதுக்கிப் போட்ட கையுறையை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படித்தான் மாமியார் என்னைப் பார்ப்பார்.

மாமியார் பிறந்தது தெலுக் இந்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தை அழித்துச் செம்பனை போட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்து வீடு ஒன்றுகூட மிச்சமில்லை, ஆனால் மாரியம்மன் கோயிலை மட்டும் யாரும் தொடவில்லை. அங்கே இருக்கிற வேப்பமரத்தில் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுவார்கள். பொங்கல் முடிந்த கையோடு என்னையும் என் வீட்டுக்காரரையும் அங்கே இழுத்துக்கொண்டு போனார். என் கூறைப்புடவையில் ஒரு துண்டு கிழித்துத் தொட்டில் கட்டினேன். கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

“வாய் விட்டுக் கேளுமா. மனசுக்குள்ளயே முணுமுணுத்தா ஆத்தாவுக்கு எப்படிக் கேக்கும்?” என்றார் மாமியார்.

ஏழு வருடம் வாங்கிய பேச்சு சும்மா விடுமா? எனக்கு என்று கேட்க வாயே வரவில்லை. “அவருக்கு ஒரு புள்ளையக் குடு தாயே, அதுக்கு எந்த வலின்னாலும் நான் பட்டுக்கிறேன்” என்றேன். மாமியார் அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் தலையைத் தொட்டுத் தடவினார்.

அடுத்த மாதமே நாள் தள்ளிப்போனது. தொழிற்சாலையில் பத்து வருடமாக மூச்சிழுத்த ரப்பர் பால் வாடை திடீரென்று குடலைப் புரட்ட ஆரம்பித்தது. இறாலை அரைத்துச் செய்கிற பெலாச்சான் வாசம் வந்தாலே மூக்கைப் பொத்துகிறவள் நான், மாங்காயில் அதைத் தொட்டுத் தொட்டு நாலு மாங்காய் தின்றேன். சந்தோஷத்தில் ஓடிப்போய்க் கர்ப்பம் பார்க்கிற டெஸ்ட் வாங்கிப் பார்த்தால், இரண்டு கோடு விழ வேண்டிய இடத்தில் ஒரே கோடு. மறுநாளும் ஒரே கோடு. “அதெல்லாம் மலிவு சாமான் லா, அதப் போயி நம்பிக்கிட்டு! எத்தன பிரசவம் பாத்தவ நான்” என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லி, வளைகாப்புக்கு வளையல்கூட எடுத்து வைத்துவிட்டார்.

நாலாம் மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். நர்ஸ் நம் தமிழ்ப்பெண்தான், பாவம், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “உள்ள ஒண்ணும் இல்லக்கா. காத்துதான்.”

அவ்வளவுதான், பட்டம் கட்டிவிட்டார்கள். காத்துப் புள்ளக்காரி. மாமியாரே நாத்தனாரிடம் போனில் சொல்லிச் சிரித்தார், நான் அடுப்படியில் இருப்பது தெரிந்தும். “நடிக்கிறா. இவ நடிப்புக்கு என் மானம் போச்சு.” என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஓர் ஆள் ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் அது நல்ல குணம் என்று நினைத்த முட்டாள் நான்.

நடித்தேனாம். அப்படியானால் என் வயிறும் சேர்ந்து நடித்ததா? ஆறாம் மாதம் உள்ளே உதைத்தது. வேறு யாரும் கை வைத்துப் பார்க்காததால், என்னோடு ஒரே மேசையில் வேலை செய்கிற மலரை வைத்துப் பார்க்கச் சொன்னேன். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள், முகம் வெளுத்துவிட்டது. மாதாமாதம் டெஸ்ட் வாங்கினேன், மாதாமாதம் ஒரே கோடு. மருத்துவர்கள் மனசு சம்பந்தப்பட்டது என்றார்கள். இருக்கலாம். நானும் அப்படியே நினைத்து என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஒன்பது மாதம் முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடிந்து மேசைக்கு வந்தேன், இடுப்பை யாரோ இரண்டாகப் பிளந்த மாதிரி வலி வந்தது. நம்பினால் நம்புங்கள், கையுறைக் குவியல் மேலேயே சாய்ந்து கத்தினேன். மலர் காரில் போட்டுக்கொண்டு ஈப்போவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். என் வீட்டுக்காரருக்குப் போன் அடித்து அடித்துப் பார்த்தாள், அணைத்து வைத்திருந்தார். அவசரப் பிரிவில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், வயிற்றில் ஒன்றுமில்லை, ஊசி போட்டும் வலி கேட்கவில்லை. மூன்று மணி நேரம். பிறகு நாலே முக்காலுக்கு, விளக்கை அணைத்த மாதிரி, வலி நின்றது. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்ததால் நேரம் எனக்கு நன்றாகத் தெரியும்.

மலர் எனக்குக் குடிக்க மைலோ வாங்கப் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

“உன் வீட்டுக்காரர் மேல ரெண்டாவது மாடியில நிக்கிறாரு கலா. உன் மாமியாரும் இருக்காங்க.”

என்னைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள், வழி தெரியாமல் மேலே போய்விட்டார்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், சிரிக்காதீர்கள். தலையைக்கூட வாரிக்கொண்டு போனேன்.

இரண்டாவது மாடி பிரசவ வார்டு. அவர்கள் இரண்டு பேரும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், எனக்கு முதுகு காட்டி நின்றார்கள். மாமியார் கையில் வெள்ளைத் துணிச் சுருள். வெளியே பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார், என்னை யாரென்று தெரியாது, வாயெல்லாம் பல்.

“பேரன் பொறந்திருக்கானுங்க. என் மக சிம்பாங் பூலாய்ல சாப்பாட்டுக் கடையில இருக்கா, மாப்புள்ள லோரி ஓட்டுறாரு. மகராசி, மசக்கைன்னு ஒரு நாள் படுக்கல. ஏழு மாசம் வரைக்கும் வயித்துல இருக்கறதே அவளுக்குத் தெரியல போங்க! வலியும் இல்ல. தும்முன மாதிரி பெத்துப் போட்டுட்டா.”

“எத்தன மணிக்குங்க?” என்று கேட்டேன்.

“நாலே முக்கா.”

அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாந்தி எனக்கு, வலி எனக்கு, ஊர்ப் பழி எனக்கு, பிள்ளை அவளுக்கு. ஆத்தா வார்த்தை தவறவில்லை. நான் கேட்டதைத்தான் கொடுத்தாள். அவருக்கு ஒரு பிள்ளை, எனக்கு வலி.

அதற்கப்புறம் மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டியது. மாமியாரிடம் போய்ச் சொல்லவா முடியும்? மலர் வீட்டுக் குளியலறையில் பீய்ச்சி ஊற்றிவிட்டு அழுதேன். விவாகரத்து நடந்தது, அவர் அவளைக் கட்டிக்கொண்டார். நான் தொட்டிலை அவிழ்த்துவிடலாம் என்று அந்தக் கோயிலுக்குப் போனால், கிளையில் முடிச்சே இல்லை. மாமியார் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து பொங்கல் வைத்து, முறைப்படி அவிழ்த்துவிட்டுப் போனாராம், பூசாரி சொன்னார். நேர்ந்தவள் நான், தீர்த்தவர் அவர். போகட்டும், அதோடு முடிந்தது என்று மூன்று வருடம் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

போன வாரம் காலையில் பல் துலக்கும்போது குமட்டிக்கொண்டு வந்தது. கணக்குப் பார்த்தால் இரண்டு வாரம் தள்ளிப்போயிருக்கிறது. நான் தனி ஆள், அதற்கு வழியே கிடையாது. இருந்தாலும் டெஸ்ட் வாங்கினேன். ஒரே கோடு. நேற்று இன்னொன்று வாங்கினேன், அதிலும் ஒரே கோடு. போன் பண்ணிச் சொல்லிவிடு என்கிறாள் மலர். யாருக்குச் சொல்ல, என்னவென்று சொல்ல?

சிம்பாங் பூலாயில் அவள் இன்றைக்குக் காலையிலும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போயிருப்பாள். அவளுக்கு இன்னும் தெரிந்திருக்காது.